ஆளுக்கு ஒரு ஊசி... ஆனால் ஒரே ஸ்பூன்! போதை ஊசி போடும் இளைஞர்களைச் சத்தமில்லாமல் தாக்கும் ஹெபடைடிஸ் சி: தெரிந்துகொள்ள வேண்டியவை என்னென்ன?

நான்கு நண்பர்கள். ஊருக்கு வெளியே ஒரு பாழடைந்த கட்டடம். எங்கிருந்தோ வாங்கி வந்த வலி நிவாரண மாத்திரைகள். ஆளுக்கு ஒரு புது சிரிஞ்ச். "நாங்கல்லாம் உஷார் மச்சான். ஒருத்தன் ஊசியை இன்னொருத்தன் தொடவே மாட்டோம்" என்று அதில் ஒருவன் பெருமையாகச் சொல்கிறான். ஊசியை மாற்றிக்கொண்டால் எய்ட்ஸ் வரும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்த விஷயம். அதனால் அந்த ஒன்றில் மட்டும் நான்கு பேரும் கவனமாக இருக்கிறார்கள்.

ஆனால் மாத்திரையைக் கரைத்தது ஒரே ஸ்பூனில். தண்ணீர் எடுத்தது ஒரே பாட்டிலில். இரண்டாவது சுற்றுக்கு, ஏற்கெனவே ரத்தம் பட்ட அதே ஊசிகள் மறுபடியும் அந்த ஸ்பூனுக்குள் போகின்றன.

இது ஒரு கற்பனைக் காட்சிதான். ஆனால் ஹெபடைடிஸ் சி என்ற வைரஸ் பரவுவது சரியாக இப்படித்தான். எச்.ஐ.வி பற்றித் தெரிந்த அளவுக்கு இந்த நோயைப் பற்றி நம் இளைஞர்களுக்குத் தெரிவதில்லை. இத்தனைக்கும் இது மாத்திரையிலேயே முழுசாகக் குணமாகிற நோய். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே சிகிச்சை கிடைக்கிறது. அப்படியிருந்தும் ஏன் இத்தனை பேர் பாதிக்கப்படுகிறார்கள்? விரிவாகப் பார்ப்போம்.

ஹெபடைடிஸ் சி என்றால் என்ன?

ஹெபடைடிஸ் என்றால் கல்லீரல் வீக்கம், அழற்சி. நம் ஊரில் பொதுவாக 'மஞ்சள் காமாலை' என்று சொல்கிறோமே, அதற்குக் காரணமான நோய்களில் இதுவும் ஒன்று. ஏ, பி, சி, டி, இ என ஐந்து முக்கிய வைரஸ்கள் கல்லீரலைத் தாக்குகின்றன.

இதில் ஏ, இ இரண்டும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகப் பரவுபவை. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். பி வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது, குழந்தைகளுக்கு அரசே இலவசமாகப் போடுகிறது. சி வைரஸ் ரத்தத்தின் வழியாகப் பரவுவது. இதற்கு இன்றுவரை தடுப்பூசி கிடையாது.

இந்த வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989-ல்தான். அதுவரை 'ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை' என்ற பெயரிலேயே மருத்துவர்கள் இதைக் குறிப்பிட்டு வந்தார்கள். இதைக் கண்டறிந்ததற்காக ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹாட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2020-ம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகம் முழுவதும் சுமார் 5 கோடி பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் சி தொற்றுடன் வாழ்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்று ஏற்படுகிறது. 2022-ல் மட்டும் இந்த நோயால் சுமார் 2.42 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். இந்தியாவில் சுமார் 55 லட்சம் பேருக்கு இந்தத் தொற்று இருப்பதாக அதே நிறுவனத்தின் 2024 அறிக்கை சொல்கிறது.

ஊசியை மாற்றவில்லை என்றால் பயமில்லையா?

இங்கேதான் பலரும் தப்புக்கணக்கு போடுகிறார்கள்.

ஹெபடைடிஸ் சி பரவுவதற்குக் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும். ஊசி வழியாகப் பரவும் விஷயத்தில் எச்.ஐ.வி-யை விட இது சுலபமாகத் தொற்றக்கூடியது. உடம்புக்கு வெளியேயும் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும்.

எவ்வளவு நாள்? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இது: ஊசிமுனையைக் கழற்றி மாட்டும் வகை சிரிஞ்சுக்குள் தங்கும் ரத்தத்தில் இந்த வைரஸ் 63 நாட்கள் வரைகூட உயிர்ப்புடன் இருக்க முடியும். அதாவது, இரண்டு மாதத்துக்கு முன்பு யாரோ பயன்படுத்திவிட்டுப் போட்ட ஊசியும் ஆபத்துதான்.

ஊசி மட்டுமல்ல, ஊசியைச் சுற்றியிருக்கும் எல்லாமே ஆபத்துதான் என்கிறார்கள் மருத்துவர்கள். கரைக்கும் ஸ்பூன் அல்லது மூடி, பொதுவாக வைத்திருக்கும் தண்ணீர், வடிகட்டும் பஞ்சு, கையில் கட்டும் கயிறு, ரத்தம் துடைக்கும் துணி, ரத்தம் பட்ட விரல் என எதில் வேண்டுமானாலும் வைரஸ் ஒட்டியிருக்கலாம். ஊசியைத் தண்ணீரில் அலசிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. அலசுவதால் வைரஸ் போய்விடாது. அலசிய தண்ணீரில் அது கலந்துவிடும். அடுத்தவரும் அதே தண்ணீரைத்தான் எடுப்பார்.

புதிதாக இந்தப் பழக்கத்துக்கு வருபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். காரணம், முதல் ஊசியை யாரும் தனக்குத் தானே போட்டுக்கொள்வது குறைவு. "கைய நீட்டு, நான் போட்டு விடுறேன்" என்று பழகிய ஒருவர்தான் போட்டு விடுகிறார். எந்த ஊசி, யாருடைய தண்ணீர் என்று கேட்கும் நிலையில் புதியவர் இருப்பதில்லை. அதனால்தான் ஊசிப் பழக்கம் தொடங்கிய முதல் சில ஆண்டுகளிலேயே பலருக்குத் தொற்று ஏற்பட்டுவிடுகிறது.

மாத்திரைதானே என்ற அலட்சியம்

போதை ஊசி என்றாலே ஹெராயின், பஞ்சாப், மணிப்பூர் என்றுதான் ஒருகாலத்தில் நினைவுக்கு வரும். இப்போது தமிழ்நாட்டில் நிலைமை வேறு. டேபெண்டடால் போன்ற வலி நிவாரண மாத்திரைகளைப் போதைக்காக விற்றதாகக் கைது, பறிமுதல் என்ற செய்திகள் பல மாவட்டங்களில் இருந்தும் அடிக்கடி வருகின்றன. அந்த மாத்திரைகளைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்வதும் இந்தச் செய்திகளில் தொடர்ந்து இடம்பெறுகிறது. பிடிபடுபவர்களில் பலர் இருபது வயதைச் சுற்றி இருப்பவர்கள்.

"டாக்டர் எழுதிக் கொடுக்கிற மாத்திரைதானே, இதுல என்ன ஆகப்போகுது?" என்ற நினைப்புதான் இங்கே முதல் எதிரி. வாயில் போடுவதற்காகத் தயாரிக்கப்பட்ட மாத்திரையில் மருந்து மட்டும் இருப்பதில்லை. அதைக் கெட்டியாகப் பிடித்து வைக்கும் டால்க், செல்லுலோஸ் போன்ற பொருட்களும் கலந்திருக்கும். இவை ரத்தத்தில் கரைவதில்லை. நரம்பில் ஏற்றினால் ரத்தக்குழாய் அடைப்பு, சீழ்க்கட்டி, நுரையீரல் பாதிப்பு, உயிரிழப்பு வரை கொண்டுபோய் விடும். இது மாத்திரையால் நேரடியாக வரும் ஆபத்து. ஹெபடைடிஸ் சி-யும் எச்.ஐ.வி-யும் அதற்கு மேல் வருபவை.

மாத்திரை ஊசி ஒரு ஊரையே என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் இருக்கிறது. இந்தியானா மாநிலத்தில் ஸ்காட் கவுண்டி என்ற கிராமப்புறப் பகுதி. அங்கே ஆஸ்டின் என்று ஒரு குட்டி ஊர், மக்கள்தொகை சுமார் 4,200. அந்தக் கவுண்டி முழுவதும் சேர்த்தே வழக்கமாக ஆண்டுக்கு ஐந்து பேருக்குக்கூட எச்.ஐ.வி கண்டறியப்படுவதில்லை. ஆனால் 2014 இறுதியில் தொடங்கி ஓராண்டுக்குள் 181 பேருக்கு எச்.ஐ.வி உறுதியானது. பெரும்பாலானவர்கள் செய்தது ஒரே காரியம்தான்: ஆக்ஸிமார்ஃபோன் என்ற வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த 181 பேரில் 10-ல் 9 பேருக்கு மேல் ஹெபடைடிஸ் சி-யும் இருந்தது. எச்.ஐ.வி வந்து சேர்வதற்கு முன்பே அந்தப் பகுதியில் ஹெபடைடிஸ் சி பரவியிருந்தது. அதை எச்சரிக்கை மணியாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 2015 மார்ச்சில் அவசரநிலை அறிவித்து, சுத்தமான ஊசி வழங்கும் திட்டத்தைத் தற்காலிகமாக அனுமதிக்க வேண்டிய நிலைக்கு மாநில ஆளுநர் வந்தார்.

அறிகுறி என்ன? அங்கேதான் சிக்கல்!

கண் மஞ்சளாகும், சிறுநீர் மஞ்சளாகப் போகும், உடனே கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாம் என்பது நம் வீடுகளில் மஞ்சள் காமாலையைப் பற்றி இருக்கும் புரிதல். ஹெபடைடிஸ் சி விஷயத்தில் இந்தப் புரிதல் உதவாது. புதிதாகத் தொற்று ஏற்படும் 10 பேரில் சுமார் 8 பேருக்கு எந்த அறிகுறியுமே தெரிவதில்லை.

சிலருக்குக் காய்ச்சல், சோர்வு, பசியின்மை, குமட்டல், வயிற்றுவலி இருக்கலாம். கண் மஞ்சளாவது சிலருக்குத்தான். அதுவும் தொற்று ஏற்பட்டு 2 வாரத்தில் இருந்து 6 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். "நைட்டு தூங்கல, அதான் டயர்டு" என்று அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

அதன் பிறகு நடப்பது இதுதான்.

* சுமார் 30 சதவீதம் பேருக்கு, சிகிச்சை இல்லாமலேயே 6 மாதத்துக்குள் உடம்பே வைரஸை விரட்டிவிடும்.

* மீதி 70 சதவீதம் பேருக்கு வைரஸ் உடம்பிலேயே தங்கிவிடும். இதுதான் நாள்பட்ட தொற்று.

* நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு 20 ஆண்டுகளுக்குள் சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருங்கித் தழும்பாகும் நிலை வரலாம். கல்லீரல் புற்றுநோய்க்கும் அது வழிவிடும். மதுப்பழக்கமும் சேர்ந்தால் இந்தப் பயணம் இன்னும் வேகமாகும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 20 வயதில் நண்பர்களோடு ஒருநாள் விளையாட்டாகப் போட்ட ஊசி. அதன்பின் அந்தப் பழக்கத்தையே விட்டாயிற்று. வேலை, கல்யாணம், குழந்தைகள் என்று வாழ்க்கை போய்க்கொண்டிருக்கிறது. 40 வயதில் வயிறு வீங்கி, ரத்த வாந்தி எடுத்து மருத்துவமனைக்குப் போகும்போதுதான் விஷயமே தெரியவருகிறது. முன்கூட்டியே டெஸ்ட் எடுத்துச் சிகிச்சை பெற்றிருந்தால் இந்த நிலையைத் தவிர்த்திருக்கலாம்.

இந்தியாவில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது?

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி, 2019-ல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் சுமார் 8.5 லட்சம் பேர் ஊசி மூலம் போதைப்பொருள் பயன்படுத்துகிறார்கள்.

இவர்களிடையே ஹெபடைடிஸ் சி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்த பெரிய ஆய்வுகளில் ஒன்றில் சென்னைக்கும் பங்கு உண்டு. சென்னையைச் சேர்ந்த ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனமும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வு 2015-ல் வெளியானது. 15 இந்திய நகரங்களில், ஊசி மூலம் போதைப்பொருள் எடுத்துக்கொள்ளும் 14,481 பேர் பரிசோதிக்கப்பட்டார்கள். சுமார் 37 சதவீதம் பேரின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி தொற்றின் தடயம் இருந்தது.

அதைவிட அதிர்ச்சி தந்தது வேறொரு எண். தொற்றின் தடயம் இருந்தவர்களில், தனக்கு அது இருக்கிறது என்று தெரிந்திருந்தவர்கள் வெறும் 5.5 சதவீதம். 100 பேரில் 94 பேருக்கு மேல் தெரியாமலேயே நடமாடிக் கொண்டிருந்தார்கள். சிகிச்சை எடுத்தவர்கள் 1.4 சதவீதம் மட்டுமே.

சென்னையில் அதற்கு முன்பு, 2000-களின் நடுவில் நடந்த ஆய்வுகளிலும் பங்கேற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று இருந்தது தெரியவந்தது. பின்னாளில் இதே நகரத்தில் தொடங்கப்பட்ட ஒரு நீண்டகால ஆய்வின் பெயரிலேயே 'ஈரல்' என்ற தமிழ்ச்சொல் இடம்பெற்றிருக்கிறது.

எந்த டெஸ்ட் எடுக்க வேண்டும்?

இரண்டு படிகள்.

முதல் படி, ஆன்டிபாடி டெஸ்ட். சில நிமிடங்களில் முடிவு தெரியும் ரேபிட் கிட்டும் இருக்கிறது. இதில் பாசிட்டிவ் வந்தால், 'வாழ்க்கையில் எப்போதோ ஒருமுறை இந்த வைரஸ் உடம்புக்குள் வந்திருக்கிறது' என்று மட்டும்தான் அர்த்தம். இப்போதும் இருக்கிறதா என்பது இதில் தெரியாது.

இரண்டாவது படி, ஆர்.என்.ஏ டெஸ்ட். வைரஸ் இப்போது ரத்தத்தில் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதை இதுதான் சொல்லும். இதிலும் பாசிட்டிவ் என்றால் சிகிச்சை தேவை.

முதல் டெஸ்டில் பாசிட்டிவ் என்றதும் இடிந்துபோய், இரண்டாவது டெஸ்டுக்கே போகாமல் விட்டுவிடுபவர்கள் உண்டு. அந்தத் தப்பை மட்டும் செய்யக்கூடாது. அதேபோல, தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் ஆன்டிபாடி டெஸ்டில் எதுவும் தெரியாமல் போகலாம். சமீபத்தில்தான் ஊசியைப் பகிர்ந்தீர்கள் என்றால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது முக்கியம். ஒரே ஒரு தடவைதான், அதுவும் பல வருடங்களுக்கு முன்புதான் என்றாலும் டெஸ்ட் எடுக்க வேண்டும். கூடவே எச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பி டெஸ்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

சிகிச்சை: 12 வாரம், தினமும் மாத்திரை, அவ்வளவுதான்!

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு வரை இந்த நோய்க்கான சிகிச்சையே ஒரு தண்டனை மாதிரி இருந்தது. வாரம்தோறும் இன்டர்ஃபெரான் ஊசி, ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை. காய்ச்சல், மனச்சோர்வு என்று பக்கவிளைவுகளும் ஏராளம். அத்தனையும் தாங்கினாலும் எல்லோருக்கும் குணமாகவில்லை.

2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் காட்சி மாறியது. ஆனால் அங்கே ஒரு மாத்திரையின் விலை 1,000 டாலர். 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர். பின்னர் இந்திய நிறுவனங்கள் இதே மருந்தைக் குறைந்த விலையில் தயாரிக்கத் தொடங்கின. விலை பல மடங்கு குறைந்தது.

பஞ்சாப் அரசு 2016-லேயே இலவசச் சிகிச்சையைத் தொடங்கியது. பெரிய நகர மருத்துவமனைகளோடு நிற்காமல் மாவட்ட மருத்துவமனைகளிலேயே மருந்து கொடுத்தார்கள். சிகிச்சையை முடித்துப் பரிசோதித்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமானார்கள்.

2018 ஜூலை 28-ம் தேதி, உலக ஹெபடைடிஸ் தினத்தன்று, மத்திய அரசு 'தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தை' நாடு முழுவதற்கும் அறிவித்தது. இதன்படி பரிசோதனையும் மருந்தும் இலவசம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இதற்கான சிகிச்சை மையங்கள் செயல்படுகின்றன.

கல்லீரல் பெரிதாகப் பாதிக்கப்படாதவர்களுக்குப் பெரும்பாலும் 12 வாரச் சிகிச்சைதான். சிரோசிஸ் வரை போனவர்களுக்கு மருந்தும் காலமும் மாறலாம். மருந்தை முடித்து 12 வாரம் கழித்து மறுபடி ஆர்.என்.ஏ டெஸ்ட் எடுப்பார்கள். வைரஸ் இல்லை என்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தம். இந்த மருந்துகளால் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் குணமாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பழக்கத்தை விட்டால்தான் மருந்து கொடுப்பார்களா?

இது பலரையும் மருத்துவமனைப் பக்கமே வரவிடாமல் தடுக்கும் கேள்வி. இப்போதும் ஊசி போட்டுக்கொள்பவராக இருந்தாலும் ஹெபடைடிஸ் சி-க்குச் சிகிச்சை தரலாம், தர வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால் அவர்களும் மற்றவர்களைப் போலவே குணமாகிறார்கள். ஒருவர் குணமானால், அவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவதும் நிற்கிறது. அந்தக் கும்பலில் இருக்கும் மற்ற இளைஞர்களுக்கும் அது பாதுகாப்புதான்.

ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. அம்மை போல இது ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்ற கணக்கு இங்கே செல்லாது. குணமான பிறகு மறுபடி ஊசியையோ ஸ்பூனையோ பகிர்ந்தால் மறுபடியும் தொற்று வரும். அதனால் மருந்தோடு சேர்த்துப் பழக்கத்தில் இருந்து மீள்வதற்கான உதவியும் தேவை.

அதற்கும் வழி இருக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோ, ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்காக இரண்டு திட்டங்களை நடத்துகிறது. ஒன்று, பயன்படுத்திய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுப்பது. இன்னொன்று, ஓ.எஸ்.டி எனப்படும் மாற்று மருந்துச் சிகிச்சை. புப்ரினார்ஃபின் அல்லது மெத்தடோன் மருந்தை மருத்துவக் கண்காணிப்பில் வாய்வழியாகக் கொடுத்து, ஊசியின் தேவையைப் படிப்படியாகக் குறைப்பார்கள். "போதைக்கு அரசே ஊசி கொடுக்குமா?" என்று கோபப்படுபவர்கள் உண்டு. ஒரு ஊசியின் விலையையும், கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சையின் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமா?

டெஸ்ட் எடுக்கப் போனால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் நிறைய பேருக்கு இருக்கிறது. ஹெபடைடிஸ் சி டெஸ்ட் என்பது ஒரு ரத்தப் பரிசோதனை மட்டுமே. டயாலிசிஸ் செய்பவர்கள், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் எல்லோரும்தான் இதை எடுக்கிறார்கள்.

சட்டத்திலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. போதைப்பொருள் தடுப்புச் சட்டமான என்.டி.பி.எஸ் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, போதைப்பொருள் பயன்படுத்தியதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கை எதிர்கொள்ளும் ஒருவர், அந்தப் பழக்கத்துக்கு அடிமையானவராக இருந்து, தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்த வழக்கில் இருந்து விலக்கு பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்த விலக்கு ரத்தாகலாம். விற்பனை செய்பவர்களுக்கு இது பொருந்தாது.

எகிப்து சொல்லும் பாடம்

"தப்பு செஞ்சவனுக்கு வந்த நோய், நாம என்ன பண்றது?" என்று ஒதுங்குபவர்கள் எகிப்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே நத்தைகள் வழியாகப் பரவும் ஒருவகை ஒட்டுண்ணிப் புழு நோயை ஒழிக்க, 1950-களில் இருந்து 1980-களின் தொடக்கம் வரை அரசே ஊர் ஊராக ஊசி போட்டது. சரியாகச் சுத்தம் செய்யாத கண்ணாடி சிரிஞ்சுகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். அந்த ஊசிகள் வழியாக ஹெபடைடிஸ் சி ஊர் ஊராகப் பரவி, உலகிலேயே இந்த நோய் மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்றாக எகிப்து மாறியது.

ஊசி போட்டுக்கொண்டவர்கள் யாரும் தப்பு செய்யவில்லை. நல்ல நோக்கத்தில் போட்ட ஊசியிலும் வைரஸ் பரவியது. அசுத்தமான ஊசி என்ற ஒன்றைத் தவிர வேறு எதையும் அது பார்க்கவில்லை.

அதே எகிப்துதான் 2018-19-ல் கிட்டத்தட்ட 5 கோடி பெரியவர்களைப் பரிசோதித்து, தொற்று உள்ளவர்களுக்கு இலவசமாக மருந்து கொடுத்தது. ஹெபடைடிஸ் சி ஒழிப்புப் பாதையில் உலக சுகாதார நிறுவனத்தின் 'தங்க நிலை' அங்கீகாரத்தை 2023-ல் முதல் நாடாகப் பெற்றது. யாரால் வந்தது என்று விசாரிக்காமல், யாருக்கெல்லாம் இருக்கிறது என்று தேடியதால் கிடைத்த வெற்றி அது.

கேட்கத் தயங்கும் கேள்விகள்

ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவுமா?
பரவாது. கட்டிப்பிடிப்பது, கைகுலுக்குவது, இருமல், தும்மல், கொசுக்கடி எதிலும் பரவாது. வீட்டில் தனித்தட்டு, தனி டம்ளர் தேவையில்லை. ஷேவிங் ரேசர், பிளேடு, டூத் பிரஷ் ஆகியவற்றை மட்டும் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

டாட்டூ போட்டால் வருமா?
ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியையோ மையையோ அடுத்தவருக்கும் பயன்படுத்தினால் வரலாம். திருவிழாவில் பச்சை குத்துவதாக இருந்தாலும், மாலில் டாட்டூ போடுவதாக இருந்தாலும், புது ஊசியைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.

தாம்பத்ய உறவில் பரவுமா?
வாய்ப்பு குறைவு, ஆனால் ரத்தக்கசிவு இருந்தால் பரவலாம். தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவ வாய்ப்பு உண்டு. அதனால் திருமணம், குழந்தை என்று திட்டமிடும் முன்பே டெஸ்ட் எடுத்து, சிகிச்சையை முடித்துவிடுவது நல்லது.

நாட்டு மருந்தில் சரியாகுமா?
இந்த வைரஸை உடம்பிலிருந்து முழுமையாக நீக்குவதாக நிரூபிக்கப்பட்டது மேலே சொன்ன வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள்தான். கீழாநெல்லியை நம்பி மாதங்களைக் கடத்தினால், அந்த மாதங்களில் கல்லீரல் பாதிப்பு கூடிக்கொண்டே போகும்.

பெற்றோர், நண்பர்கள் கவனத்துக்கு

வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை, கையில் ஊசித் தழும்பு, பையில் சிரிஞ்ச் அல்லது காலி மாத்திரை அட்டை, காரணமில்லாத பணத்தேவை... இதையெல்லாம் பார்த்ததும் அடிப்பதும் வீட்டை விட்டு விரட்டுவதும் பலன் தராது. விரட்டப்படும் பையன் போய்ச் சேருவது மறுபடியும் அதே கும்பலிடம்தான். "என்னடா பண்ற?" என்று கத்துவதற்கு முன்னால், "வா, போய் ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துட்டு வரலாம், நான் கூட வர்றேன்" என்று சொல்லிப் பாருங்க. பேச்சு தொடங்க அது போதும்.

யாராவது மயங்கிக் கிடந்து, மூச்சு மெதுவாகி, உதடு நீலமாக மாறினால் அது ஓவர்டோஸ் அறிகுறி. பயந்து ஓடாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

உதவிக்கு:

* போதை மீட்பு தேசிய உதவி எண்: 14446

* எச்.ஐ.வி, எய்ட்ஸ் தொடர்பான தகவல்களுக்கு: 1097

* மனநல ஆலோசனைக்கு, டெலி மானஸ்: 14416

* தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு: 104

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி பரிசோதனை இலவசம், ரகசியமும் காக்கப்படும். ஹெபடைடிஸ் சி டெஸ்டுக்கு எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஆரம்பத்தில் பார்த்த அந்த நான்கு நண்பர்களுக்கே திரும்புவோம். அவர்களில் ஒருவனுக்குத் தொற்று இருந்திருந்தால், மற்ற மூன்று பேருக்கும் அது போயிருக்கலாம். நான்கு பேரும் இன்று ஆரோக்கியமாகவே தெரிவார்கள். ஒருவன் தைரியமாகப் போய் டெஸ்ட் எடுத்து, "டேய், நீங்களும் எடுத்துருங்கடா" என்று மற்றவர்களிடம் சொன்னால், அடுத்த சில மாதங்களில் நான்கு கல்லீரலும் தப்பித்துவிடும். யாருமே எடுக்கவில்லை என்றால், இருபது வருடம் கழித்து யாருக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.